ப்ளெக்ஸிலிருந்து இறங்கி வந்த அக்கா

வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தாதம்பட்டி பஸ் ஸ்டாண்டில் கட்டியிருந்த இருபதடிக்குப் பத்தடி ப்ளெக்ஸிலிருந்து ஒரு பெண்பிள்ளை முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் கீழே வைத்து இறங்கி, இறங்க இறங்க ஏழு வயசுப் பிள்ளையின் உயரத்துக்குக் குறைந்து, ரோட்டைத் தாண்டி, மேலத்தெரு வழியாக நடந்து, தன்னுடைய காதுகுத்துக்குத் தானே வந்து சேர்ந்தாள். பார்த்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். டீக்கடைக்காரர் பார்த்தார், "பாத்து வா பாப்பா, பஸ் வருது" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு மறுபடி வடிகட்டியை எடுத்துக்கொண்டார். பூக்காரம்மா பார்த்தாள், பிள்ளை வெறுந்தலையாகப் போகிறதே என்று ஒரு துண்டு மல்லிகையைச் சொருகிவிட்டாள். யாரும் கூப்பாடு போடவில்லை. காதுகுத்து வீட்டுக்குப் பிள்ளை வராமல் வேறு யார் வருவார்கள்?

எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே கேட்கவில்லை, எனக்கென்ன வந்தது. ஏன் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஏன் என்பது செண்பகராஜுக்குத் தெரியும். தெரிந்துவைத்துக்கொண்டே எட்டு மாசம் வாயை மூடிக்கொண்டு திரிந்தான் அந்த மனுஷன்.

செண்பகராஜ் தாதம்பட்டி முக்கில் ப்ளெக்ஸ் டிசைன் போடுகிறவன். அந்த ஊரில் காதுகுத்துக்கு ஒரு ப்ளெக்ஸ், சடங்குக்கு ஒரு ப்ளெக்ஸ், கல்யாணத்துக்கு நாலு, வெளிநாடு போனால் ஒன்று, போன வேகத்தில் திரும்பி வந்தால் அதற்கும் ஒன்று, செத்தால் கண்ணீர் அஞ்சலி, செத்து வருஷம் திரும்பினால் நினைவஞ்சலி. ப்ளெக்ஸ் வைக்காமல் ஒருத்தர் செத்துப்போனால் அவர் இன்னும் திருப்பூரில் வேலை பார்க்கிறார் என்றே ஊர் நினைத்துக்கொண்டிருக்கும். அவ்வளவு ப்ளெக்ஸையும் போடுகிறவன் இவன்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கைவேலைக்காரன், அதிலும் கண் வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குடும்பப் போட்டோ எடுத்தால் எவனாவது ஒருத்தன் சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடியிருப்பான் இல்லையா, அந்தக் கண்ணைச் செண்பகராஜ் திறந்து வைப்பான். அதற்கென்றே கம்ப்யூட்டரில் 'கண்ணு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தான். கடைக்கு வருகிற போட்டோக்களில் நல்ல கண்ணாகப் பட்டால் நைசாக வெட்டி அதில் போட்டுக்கொள்வான். கிழவர் கண், மாப்பிள்ளைக் கண், வட்டச் செயலாளர் கண், பிள்ளைக் கண். எந்த முகத்துக்கு எந்தக் கண் ஒட்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவான்.

அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் பூவரசி பிறந்தாள்.

பிறந்த அன்று நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டி, "பிள்ளை இன்னும் முழிக்கல" என்றாள். மறுநாளும் முழிக்கவில்லை. மூன்றாம் நாள் பெரிய டாக்டர் வந்து இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண் கொண்டைக்கடலை அளவுக்கு இருந்தது. இடது கண் மிளகு அளவு, அதுவும் இமைக்கு அடியில் எங்கேயோ ஆழத்தில் கிடந்தது. "வயித்துக்குள்ள கண்ணு உருவாகிற நேரத்துல, வளர்ச்சி பாதியில நின்னிருக்கு. பல ஆயிரத்துல ஒரு பிள்ளைக்கு இப்படி வரும். உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல" என்றார் டாக்டர். வலது கண்ணில் கொஞ்சம் பார்வை இருக்கும், வெளிச்சமும் நிறமும் தெரியும், மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தால் எழுத்துகூடத் தெரியலாம், அதைக் காப்பாற்ற மூணு மாசத்துக்கு ஒருதரம் மதுரைக்கு வந்து காட்ட வேண்டும். இடது கண்ணில் பார்வை வராது, ஆனால் அந்தக் குழியில் சிப்பி மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லையை வைத்து, பிள்ளை வளர வளரப் பெரிசு மாற்ற வேண்டும், இல்லையென்றால் முகம் ஒரு பக்கம் வளராமல் போகும். அவ்வளவையும் பொறுமையாகச் சொன்னார். 'தப்பு இல்ல' என்று அவர் சொன்னதை உலகம்மாள் பிடித்துக்கொண்டாள், அவள் பூவரசியின் அம்மா. செண்பகராஜுக்கு அந்த வார்த்தை காதிலேயே விழவில்லை.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. இதை மெழுகிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊர்க் கண்ணையெல்லாம் திறக்கிறவன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளையா என்று நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து சிரிப்பதாக அவனே நினைத்துக்கொண்டான். நிஜமாக யாரும் சிரித்ததாக எனக்குத் தெரியவில்லை. மதுரைக்கு உலகம்மாள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மூணு மாசத்துக்கு ஒருதரம், ஏழு வருஷம், அத்தனை தரமும் அவனுக்குக் கடையில் அவசர வேலை இருந்தது. அந்த வில்லையை எப்படிக் கழற்றுவது, எப்படிக் கழுவி மாட்டுவது என்று அவனுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பிள்ளையோ அப்பா அப்பா என்று அவன் வாசனை வருகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அப்படியே போயிருக்கும். தாய்மாமன் விடவில்லை. உலகம்மாளின் அண்ணன் திருமேனி வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மாப்ளே, மருமகளுக்கு ஏழு வயசு ஆகுது, இன்னும் காது மூளியா இருக்கு. எம்மடியில வச்சுக் குத்தணும். சீரு கொண்டாரேன். பஸ் ஸ்டாண்டுல பெரிய ப்ளெக்ஸு வைக்கணும். ப்ளெக்ஸ் கடைக்காரன் பிள்ளைக்கு ப்ளெக்ஸ் இல்லன்னா என் மானம் போயிரும், ஆமா" என்றான்.

செண்பகராஜ் மச்சானிடம் மறுத்துப் பேச முடியாமல் பூவரசிக்கு ரோஸ் கலர் கவுன் போட்டு, குத்தாத காதில் ஒட்டு ஜிமிக்கி வைத்து, போட்டோ எடுத்தான். எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் பார்த்தான். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள், நல்ல சிரிப்பு. அவன் சிரிப்பைப் பார்க்கவில்லை. 'கண்ணு' ஃபோல்டரைத் திறந்து பிள்ளைக் கண்களில் ஆகப் பெரியதாக, ஆகக் கறுப்பாக ஒரு ஜோடியை எடுத்து மகள் முகத்தில் ஒட்டி, ஓரத்தைத் தடவி, கொஞ்சம் மை தீட்டி, பிரிண்ட் கொடுத்துவிட்டான். ஐந்து நிமிஷ வேலை. தினமும் செய்கிற வேலைதான்.

சனிக்கிழமை மத்தியானம் செண்பகராஜ் கூட நிற்க ப்ளெக்ஸ் கட்டினார்கள். உலகம்மாள் பூ வாங்கப் பஜாருக்கு வந்தவள் பிள்ளையையும் கூட்டி வந்திருந்தாள். பூவரசி ப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் போய், மூக்கு துணியில் படுகிற மாதிரி நின்று, கீழே இருந்து எட்டுகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு ஏணி மேல் நின்றிருந்த ஆளிடம் கேட்டு இரண்டு படி ஏறி அதற்கு மேலேயும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டாள்: "அப்பா, இந்தப் பிள்ளை ஏன் என் கவுனைப் போட்டிருக்கு?"

சுற்றி ஆள் நின்றார்கள். உலகம்மாள் நிமிர்ந்து ப்ளெக்ஸைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். செண்பகராஜ் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னான். "அது... அது அக்கா" என்றான்.

சொல்லிவிட்டானா? மறுநாள் காலையில் அக்கா இறங்கி வந்துவிட்டாள்.

வந்த பிள்ளையைத் திருமேனி வாசலிலேயே தூக்கிக்கொண்டான். "எந்தங்கம், எம்புட்டுக் கண்ணு!" என்று கொஞ்சினான். மடியில் உட்கார வைத்தான், ஆசாரி வந்தார், குலவை போட்டார்கள், குத்தினார்கள். பிள்ளை அழவில்லை. ரத்தம் வரவில்லை. கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற மாதிரி 'டப்'பென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். "என்ன தைரியம் பாருங்க!" என்று ஊரே மெச்சியது. பக்கத்தில் இன்னொரு ரோஸ் கலர் கவுன் போட்டுக்கொண்டு, "மாமா நானு, மாமா நானு" என்று நின்ற பூவரசியை, "சின்னதுக்கு இன்னொரு நாள் பாத்துக்கலாம், நகரும்மா" என்று யாரோ தள்ளி நிறுத்தினார்கள். யாரோ என்ன யாரோ, திருமேனிதான். அவனுக்கு நிஜமாகவே அது தப்பாகத் தெரியவில்லை.

உலகம்மாள் மட்டும், "இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாள்.

"ஏட்டி, பித்துப் பிடிச்சிருக்கா? பெத்த பிள்ளையப் பாத்தா கேக்க?" என்று அவளுடைய சித்தி மோவாயில் கையை வைத்தாள். "உன் மூத்ததுல்லா? இது பிறந்தப்ப நாந்தான சேனை வச்சேன்? எவ்வளவு சீனித்தண்ணி வச்சாலும் சப்புக்கொட்டிச்சே, மறந்துட்டியா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருத்தி சேனை வைத்தேன் என்றாள், இன்னொருத்தி நான்தான் முதல் தொட்டில் கட்டினேன் என்றாள், மூணாவது வீட்டுக்காரர் இந்தப் பிள்ளை தவழும்போது என் மேல் ஒன்றுக்கு இருந்தது என்று சட்டையைப் பிடித்துக் காட்டினார். சாயங்காலத்துக்குள் அந்தப் பிள்ளைக்கு ஏழு வருஷ வாழ்க்கையை ஊரே சேர்ந்து கட்டி முடித்துவிட்டது. செண்பகராஜ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வருகிறவர்களுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் கூட்டம் கலைந்த பிறகு ஆசாரியை நிறுத்தி, அடுப்பங்கரையில் தன் மடியிலேயே பூவரசியை வைத்துக் காது குத்தினாள். பிள்ளை வீல் என்று அழுதாள். ரத்தம் வந்தது. உலகம்மாள் முந்தானையால் துடைத்துக்கொண்டே புருஷனைப் பார்த்து, "நீங்க கூட்டிட்டு வந்த பிள்ளை. நீங்களே பாத்துக்கிடுங்க. எனக்கு ஒண்ணுதான்" என்றாள்.

மூத்ததுக்கு முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் வெள்ளை. திரும்பி நின்றால் ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் திரும்பி நிற்பதே இல்லை, எப்போதும் ஆட்கள் நிற்கிற பக்கமே முகத்தை வைத்துக்கொள்வாள். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மழையில் நனைந்தால் துடைத்தால் போதும். காற்றுதான் ஆகாது. ஆடி மாசம் பிறந்ததும் மேற்கே இருந்து அடித்த காற்றில் அவள் படபடவென்று பக்கவாட்டில் பறந்ததைப் பார்த்து, பள்ளிக்கூடத்து டீச்சர் அவள் பைக்குள் இரண்டு செங்கல் வைக்கச் சொன்னார். தெருவில் போகிறவர்கள் தோளில் கை வைத்து அழுத்திக் கூட்டிப்போனார்கள். பள்ளிக்கூடமா? அதை ஏன் கேட்கிறீர்கள். முந்தின வருஷம் பூவரசியைச் சேர்க்கப் போனபோது "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு தனியா இருக்குல்லம்மா" என்று தயங்கித் தயங்கிப் பேசிய அதே பெரிய டீச்சர், மூத்ததைப் பார்த்த உடனே முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். "கவனிக்கிற பிள்ளை. வச்ச கண்ணு வாங்காம போர்டையே பாக்குது" என்றார். ஊரில் கட்சிக்காரர் வந்தால் சால்வை கொடுக்க மூத்தது, கோயில் கொடைக்கு விளக்கேற்ற மூத்தது, புதுக்கடை திறந்தால் ரிப்பன் வெட்ட மூத்தது. அந்தக் கண்ணுக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் எங்கே நின்றாலும் உங்களையே பார்க்கும். இடது பக்கம் நின்றாலும் பார்க்கும், வலது பக்கம் நின்றாலும் பார்க்கும். தன்னைத்தான் அந்தப் பிள்ளை விசேஷமாகப் பார்க்கிறது என்று தாதம்பட்டியில் ஆளாளுக்கு ஒரு நினைப்பு. யாருக்குத்தான் பிடிக்காது?

ஒன்றே ஒன்றைத்தான் ஊர் கவனிக்கவில்லை. அந்தக் கண்ணுக்குப் பார்வை கிடையாது. ப்ளெக்ஸ் கண்ணுக்கு எங்கிருந்து பார்வை வரும்? அதைக் கண்டுபிடித்தவள் பூவரசி. ரெண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மூத்தது கதவில் முட்டிக்கொண்டு, முட்டிக்கொண்டே இருந்தாள். பூவரசி போய் கையைப் பிடித்து, "அக்கா, இந்தப் பக்கம்" என்றாள். அன்றிலிருந்து கையை விடவில்லை. கொண்டைக்கடலை அளவுக் கண்ணில் தெரிகிற வெளிச்சத்தையும் நிழலையும் வைத்துக்கொண்டு, மீதியைக் காலால் தடவிப் பார்த்து, "அக்கா கல்லு, அக்கா பள்ளம், அக்கா மாடு நிக்கி" என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போவாள். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாவம், மூத்தது எவ்வளவு பொறுமையா தங்கச்சியக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது பாரு!"

செண்பகராஜுக்கு அந்த எட்டு மாசமும் ஒரு பக்கம் திருவிழாவாக இருந்தது, சொல்லத்தான் வேண்டும். மூத்ததை வண்டியில் முன்னால் நிறுத்தி ஊரெல்லாம் சுற்றினான். ஏழு வருஷமாக ஒரு கல்யாண வீட்டுக்குப் பிள்ளையோடு போகாதவன், பத்திரிகை வைக்காத வீட்டுக்குக்கூடப் போனான். "உங்க பிள்ளையா!" என்று கேட்டால் அவன் நெஞ்சு இரண்டு விரற்கடை உயரும். வீட்டுக்கு வந்தால் பூவரசி கதவோரம் நின்று, "அப்பா, நானும் வண்டியில வரேன்" என்பாள். "நாளைக்கு" என்பான். சொல்லும்போதே அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும். இருந்து என்ன செய்ய, மறுநாளும் நாளைக்கு என்றுதான் சொல்லுவான்.

மார்கழியில் ஒருநாள் உலகம்மாளுக்குக் காய்ச்சல் என்று பூவரசியைக் கடையில் விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, மூக்கோடு ஒட்டி வைத்து, வெட்டிப்போட்ட ப்ளெக்ஸ் துண்டுகளில் எழுத்துக் கூட்டி ஏதோ பாட்டு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள். மூத்தது வாசலில் நின்றிருந்தாள். அப்போது செண்பகராஜோடு பத்தாவது வரை படித்த ஐசக், துபாயிலிருந்து வந்தவன், செண்ட் வாசனையோடு கடைக்குள் வந்தான். வாசலில் மூத்ததைப் பார்த்து, "எலேய், உன் மகளா? ஆத்தி, என்ன கண்ணுடா! எத்தனை பிள்ளைகள் உனக்கு?" என்று கேட்டான்.

"ஒண்ணுதான்" என்றான் செண்பகராஜ்.

மேசைக்கு அடியில் பாட்டு நின்றது. வாசித்துக்கொண்டிருந்த எழுத்து பாதியில் நின்றது, அவ்வளவுதான். ஐசக் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான், என்ன பேசினான் என்று கேட்டால் செண்பகராஜுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. அவன் போன பிறகும் குனிந்து மேசைக்கு அடியில் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்றுதான் ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். அது எதுவும் வெட்கமே இல்லை, இதுதான் வெட்கம் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் என்ன, சாயங்காலம் மூத்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சின்னதை உலகம்மாளின் சித்தியோடு நடந்து வரச் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் வேலுத்தாய் வர ஆரம்பித்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள், புருஷன் கிடையாது, ஒரே மகள் இருந்து முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி ப்ளெக்ஸைச் செண்பகராஜ்தான் போட்டுக் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. வேலுத்தாய் கடைக்கு எதிரே புளியமரத்தடியில் வந்து நின்று மூத்ததைப் பார்ப்பாள். ஒரு மணி நேரம் பார்ப்பாள், போய்விடுவாள். மூணாவது ஞாயிறு கிட்டே வந்து, "தம்பி, கோச்சுக்கிடாதீக. உங்க பிள்ளை கண்ணு எம்பிள்ளை கண்ணு மாதிரியே இருக்கு. ஒரு ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேன். தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றாள்.

செண்பகராஜ், "பிள்ளைகள் கண்ணு எல்லாம் ஒண்ணு போலத்தானக்கா இருக்கும்" என்றான்.

"ஆமா தம்பி, அதுவும் சரிதான்" என்று அவள் தலையை ஆட்டினாள். "சாமி ஒண்ண எடுத்தா இன்னொரு இடத்துல வைக்கும்போல. உங்க வீட்டுல வச்சிருக்கு. நல்லா இருக்கட்டும்." கொண்டுவந்திருந்த முறுக்கைப் பொட்டலத்தோடு மூத்ததின் கையில் வைத்தாள். அதைத் தின்னத் தெரியாத பிள்ளை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். செண்பகராஜ் உள்ளே போய் வேலை இருக்கிற மாதிரி கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். எந்த எழுத்தைத் தட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

தை மாசம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி இருக்கும். வெயிலில் நின்று நின்று மூத்ததுக்குக் கவுன் சாயம் போய், கன்னம் வெளுத்து, ஜிமிக்கி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கண் மட்டும் கறுப்பாக அப்படியே இருந்தது. டீக்கடையில் ஏழெட்டுப் பேர், திருமேனிகூட அன்றைக்கு ஊரில் இருந்தான். வேலுத்தாய் வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் போலிருக்கிறது, சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். வந்து மூத்ததுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பூவரசி, சேலை நிறத்தைப் பார்த்துத் திரும்பினாள். வேலுத்தாயின் தோளைத் தொட்டு, முழங்கையைத் தொட்டு, சேலையில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். பிறகு அக்கா முகத்தில் மூக்கு முட்டுகிற மாதிரி போய் அந்தப் பெரிய கண்ணுக்குள் பார்த்தாள். பிறகு மறுபடி வேலுத்தாயைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நீங்களா அது?" என்று கேட்டாள்.

"எது தாயி?"

"அக்கா கண்ணுக்குள்ள ஒரு அம்மா நிக்காங்க. குட்டியா, எறும்பு மாதிரி. சிவப்புச் சேலை. ரெண்டு கையையும் மூஞ்சிக்கு நேரா தூக்கிட்டு நிக்காங்க. நான் தெனமும் பாப்பேன். யாருன்னு தெரியாம இருந்துச்சு."

வேலுத்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவள் கைகள் தானாக மேலே எழுந்து, முகத்துக்கு நேராக, போனைப் பிடிக்கிற மாதிரி நின்றன. "அந்தப் போட்டோ நான் எடுத்தது" என்றாள். "கோயில் கொடையன்னைக்கு. புதுப் போன் வாங்கி, மொத மொதல்ல எம்பிள்ளையத்தான் எடுத்தேன். அன்னைக்கு இந்தச் சேலைதான் கட்டியிருந்தேன்." சொல்லிவிட்டுச் செண்பகராஜைப் பார்த்தாள்.

அவனுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். ஒட்டும்போது பெரிசாக்கிப் பார்த்தான் அல்லவா, கறுவிழிக்கு நடுவே சிவப்புச் சேலையில் ஒரு பொம்பளை நிற்பது தெரிந்தது. அதை அழித்தால் கண்ணில் உயிர் போய்விடும் என்று தொழில் தெரிந்தவன் விட்டுவிட்டான். எட்டு மாசமும் வேலுத்தாயை அவன் வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்திருக்கிறான்.

கடையை விட்டு இறங்கி வந்தான். "நான் எடுத்தேன்க்கா" என்றான். "நீங்க குடுத்த போட்டோவுல இருந்து உங்க பிள்ளை கண்ண வெட்டி எடுத்தேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எம்பிள்ளைக்குக் கண்ணு சின்னது. அது எனக்கு வெக்கமா இருந்துச்சு. இது எம்பிள்ளை இல்ல."

"மாப்ளே, என்ன பேசுதீக?" என்று திருமேனி பெஞ்சிலிருந்து எழுந்தான். "எம்மடியில வச்சுக் காது குத்தியிருக்கேன்!"

"ப்ளெக்ஸுக்குக் குத்தினீக மச்சான்."

டீக்கடையில் சலசலப்பாகிவிட்டது. அவன் செய்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் சொன்னதுதான் தப்பு என்றார்கள். "இருந்துட்டுப் போகட்டுமே, இப்ப எதுக்குய்யா இதப் போட்டு உடைக்கணும்?" என்றார் தொட்டில் கட்டினவளின் புருஷன். பெரிய டீச்சர் பால் வாங்க வந்தவர் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். செண்பகராஜுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமி எங்கே பிளக்கிறது, அது பாட்டுக்குக் கிடந்தது.

வேலுத்தாய் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மூத்ததின் முன்னால் கையை நீட்டி, "வாறியா தாயி?" என்றாள். மூத்தது அசையவில்லை. நீட்டின கை அவளுக்கு எங்கே தெரியும்? பூவரசிதான் அக்கா கையை எடுத்து வேலுத்தாயின் கையில் வைத்தாள். வைத்துவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பெரியம்மா, அக்காவுக்குக் கண்ணு தெரியாது. கல்லு வந்தா கல்லுன்னு சொல்லணும். காத்தடிச்சா பிடிச்சுக்கணும். பையில செங்கல் இருக்கு, எடுத்துராதீங்க."

ஏழெட்டுப் பேரும் மூத்ததின் கண்ணைப் பார்த்தார்கள். அது வழக்கம்போல எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. வேலுத்தாய் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "கல்லு தாயி... சாக்கடை, தாண்டு... ஆங், வா வா" என்று சொல்லிக்கொண்டே கீழத்தெருப் பக்கம் போனாள். முதல் தடவையாக அந்தப் பிள்ளையின் முதுகை ஊர் பார்த்தது. வெறும் வெள்ளை. தெருமுனை திரும்புகிற வரைக்கும் தெரிந்தது. ஒருத்தர், ரெண்டு பேராக எழுந்து போனார்கள். திருமேனி டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

பூவரசி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். எட்டு மாசமாகப் பிடித்திருந்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் கவுனில் துடைத்துக்கொண்டாள். செண்பகராஜ் அவளுக்குப் பக்கத்தில் போனான். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட? வாசனையை வைத்து அவளே அவன் நிற்கிற பக்கம் திரும்பினாள். அந்தச் சின்னக் கண்ணை இடுக்கிக்கொண்டு, அண்ணாந்து, அவன் முகம் இருக்கிற இடத்தைப் பார்த்து, கடையில் ஏதாவது சாமான் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்:

"அப்பா, அக்கா போயிட்டாள்ல. நான் வேணும்னா அந்த ஒண்ணா இருக்கட்டுமா?"